தீப்பட்ட 1998 மாருதி 800: செப்பனிடுவதா, உடைக்கக் கொடுப்பதா?

2023 மே மாத நடுவில், திருச்சி–கரூர் சாலையில் ஜீயபுரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த ஒரு மாருதி 800 காரின் முன்பக்கம் தீப்பற்றி எரிந்தது. உரிமையாளர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். 1998 செப்டம்பரில் புதிதாக வாங்கிப் பதிவு செய்த நாளிலிருந்து வண்டி வேறு கைக்கு மாறியதில்லை. அதைச் செப்பனிட்டு ஓட்டலாமா, உடைக்கக் கொடுத்துவிடலாமா என்று பார்த்துச் சொல்லும்படி அவர் என்னை அழைத்தார். நான் பட்டறை மெக்கானிக்காக இருந்து, பிறகு விபத்து வண்டிகளுக்குப் பழுது மதிப்பீடு போடும் வேலைக்கு வந்தவன். இந்த வண்டிக்கு இரண்டு முறை மதிப்பீடு போட்டேன், முதலாவது தவறு. எங்கே தவறினேன் என்பதையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

தீ எழுந்த இடம்

பெட்ரோல் வாடை இரண்டு நாளாகவே வந்துகொண்டிருந்தது என்றும், பங்கில் நிரப்பும்போது சிந்தியதாக இருக்கும் என்று எண்ணி விட்டுவிட்டதாகவும் உரிமையாளர் சொன்னார். அன்று காலை ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கிய சிறிது நேரத்தில் பானெட்டின் பின் ஓரத்திலிருந்து புகை கிளம்பவே, அவர் ஓரம் கட்டிச் சாவியைத் திருப்பிவிட்டு, மனைவியையும் இறக்கிக்கொண்டு தள்ளிப் போய் நின்றார். பானெட்டைத் திறந்து பார்க்காமல் இருந்தது அவர் செய்த நல்ல காரியம். திறந்திருந்தால் உள்ளே மூச்சு முட்டிக்கொண்டிருந்த நெருப்புக்குக் காற்று கிடைத்து, முகத்துக்கு நேராக எழுந்திருக்கும். எதிரே இருந்த டீக்கடைக்காரர்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு லாரி ஓட்டுநர் தன் வண்டியிலிருந்த பவுடர் தீயணைப்பானைக் கொண்டுவந்து அடித்தார். தீயணைப்பு வண்டி வந்து முழுவதுமாக அணைத்தபோது ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகியிருந்தது.

என்ஜின் அறையில் ஐயப்பட இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்குத் தரும் கார்புரேட்டருக்கு, பம்பிலிருந்து பெட்ரோல் கொண்டுபோகும் ரப்பர் குழாய். மற்றொன்று, சில ஆண்டுகளுக்கு முன் கூடுதலாகப் பொருத்தப்பட்ட இரட்டை ஹாரனுக்குப் ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக இழுக்கப்பட்ட வயர். அந்த வயரின் முனையில் செம்பு உருகித் திரண்ட சிறு மணி ஒன்று இருந்தது. செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும் என்பதால், மணியைப் பார்த்ததும் ‘ஷார்ட் சர்க்கியூட்’ என்று முடிவு கட்டுவது எங்கள் தொழிலில் வழக்கமாகிவிட்டது. ஆனால் வேறு காரணத்தால் தீ எழுந்து, மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் வயரின் மேலுறை எரிந்து, செம்பு வண்டியின் உடம்புத் தகட்டைத் தொட்டாலும் அதே மணிதான் உண்டாகும். எனவே மணி இருந்தது என்பதால் மட்டும் அந்த வயரைக் குற்றவாளியாக்க முடியாது.

எரிந்த வடிவமே வழி காட்டியது. பானெட்டின் அடிப்புறத்தில் கார்புரேட்டருக்கு நேர் மேலே, ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுக்குப் பெயின்ட் முற்றிலும் எரிந்து வெளிறிய தகடு தெரிந்தது; அதைச் சுற்றிக் கரி, கரிக்கு வெளியே கொப்புளம். ஹாரன் வயர் போன பக்கத்தில் வெறும் கொப்புளம்தான். பம்பின் முனையில் கிளிப்புக்கு அடியில் சிக்கிக்கொண்டு எரியாமல் மிஞ்சிய குழாய்த் துண்டை எடுத்து விரலால் வளைத்தேன். வறண்ட களிமண் தரை போலக் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு. அது எத்தனை ஆண்டுப் பழசு என்று உரிமையாளருக்கே நினைவில்லை. 2022இல் நாட்டில் விற்ற பெட்ரோலில் எத்தனாலின் பங்கு சராசரியாக 10 விழுக்காட்டை எட்டியிருந்தது. அந்தக் காலத்து ரப்பர் குழாய்கள் இந்தக் கலவைக்காகச் செய்யப்பட்டவை அல்ல; அதில் ஊறினால் அவற்றின் பதம் கெடும். கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களிடம் சில நூறு ரூபாய் செலவாகும் இந்தக் குழாயை மாற்றச் சொல்லி நான் அலுத்துப்போனவன் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

முதல் மதிப்பீடு

வண்டியை நான் பார்க்கும்போது தீப்பிடித்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது. பட்டறைக்கு வெளியே, வேப்ப மரத்தடியில் தார்ப்பாய்கூடப் போடாமல் நிறுத்தியிருந்தார்கள். இடையில் இரண்டு கோடை மழை பெய்திருந்தது.

கரியைப் பார்த்துக் கைவிட்டுவிடுவது எளிது. எது எவ்வளவு சூட்டைக் கண்டது என்பதை, உருகியவற்றையும் உருகாதவற்றையும் கொண்டு படிப்படியாகப் படிக்க வேண்டும். கார்புரேட்டரின் மேல்மூடி துத்தநாகக் கலவை. அது ஒரு பக்கமாகச் சரிந்து, பாகு வழிந்ததுபோல் உறைந்திருந்தது. அப்படியானால் அந்த இடம் 400 டிகிரியை ஒட்டிய சூட்டையாவது கண்டிருக்கிறது. அதற்கு ஒரு சாண் தள்ளியிருந்த சிலிண்டர் ஹெட் அலுமினியக் கலவை; தூய அலுமினியத்தின் உருகுநிலை 660, கலவை அதற்குச் சற்றுக் குறைவில் உருகும். அதன் விளிம்புகள் கூர் மழுங்காமல் இருந்தன. பேட்டரியின் பிளாஸ்டிக் கூடு சுருங்கியிருந்தாலும், 327 டிகிரிக்குள் உருகிவிடும் ஈயத் தலைகள் வடிவம் மாறாமல் நின்றன. ஆகவே தீ கார்புரேட்டரின் பக்கமாகத் திரண்டு, முன்பக்கம் அவ்வளவாகப் போகவில்லை என்று கொண்டேன். அது சரியான முடிவுதான். ஆனால் அது பின்பக்கம் எங்கே போயிற்று என்று அன்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

என்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்தோம், தடையின்றிச் சுழன்றது. பிளக்குகளைக் கழற்றி அழுத்தமானியை வைத்து, வெளி பேட்டரியால் ஸ்டார்ட்டரைச் சுழற்றினோம். மூன்று சிலிண்டரிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தது. எண்ணெயில் தண்ணீர் இல்லை. எல்லோரும் போய்விட்டதாக நினைத்த என்ஜின்தான் அந்த வண்டியிலேயே நல்ல நிலையில் இருந்த உறுப்பு. பயணிகள் அறையில் புகை படிந்திருந்தது, டேஷ்போர்டின் மேல்விளிம்பு சற்று அலையலையாகத் தூக்கியிருந்தது, கண்ணாடிகள் உடையவில்லை.

இந்த நிலையில் 63,400 ரூபாய்க்கு மதிப்பீடு எழுதினேன். வயரிங் முழுவதும், கார்புரேட்டர், ரேடியேட்டர், பேட்டரி, எல்லாக் குழாய்களும் கேஸ்கெட்டும், பிரேக் மாஸ்டர் சிலிண்டர், ஹெட்லைட்டும் கிரில்லும் பம்பரும், பழைய பானெட் ஒன்று, முன்பக்கப் பெயின்ட், கூலி எல்லாம் அதில் அடக்கம். அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை சென்னைப் புதுப்பேட்டையில் கிடைக்கும் கழற்றிய பொருள்களின் விலை. தீ பிடிப்பதற்கு முந்தின நாள் விற்றிருந்தால் வண்டிக்கு 40,000 ரூபாய் கிடைப்பதே அரிது. அதை நான் சொன்னபோது உரிமையாளர், “சார், இதே கண்டிஷன்ல இன்னொரு வண்டிய 40,000க்கு வாங்கினா, அதோட சரித்திரம் எனக்குத் தெரியாதே” என்றார். அது உணர்ச்சிப் பேச்சு என்று தள்ளிவிடக் கூடியது அல்ல. இருபத்தைந்து ஆண்டு ஒரே கையில் இருந்த, மோதாத, வெள்ளத்தில் நிற்காத வண்டிக்குச் சந்தை விலையை விடக் கூடுதல் மதிப்பு உண்மையிலேயே உண்டு. சந்தை அதைத் தருவதில்லை; ஓட்டுகிறவர்தான் அனுபவிக்கிறார். செப்பனிடலாம் என்று சொன்னேன். அவர் மறுநாளே புதுப்பேட்டைக்கு ஆள் அனுப்பி, 6,500 ரூபாய்க்கு ஒரு முழு வயரிங் கிட் வாங்கிவிட்டார்.

டேஷ்போர்டைக் கழற்றிய பிறகு

வயரிங் மாற்ற எலக்ட்ரீஷியன் டேஷ்போர்டைக் கழற்றினார். கழற்றியவர் வேலையை நிறுத்திவிட்டு, “அண்ணே, ஒருதடவ வந்து பாத்துட்டுச் சொல்லுங்க, அப்புறம் கை வைக்கிறேன்” என்று போன் செய்தார்.

என்ஜினுக்கும் பயணிகள் அறைக்கும் இடையே நிற்கும் தகட்டுச் சுவரை ஃபயர்வால் என்கிறோம். அதன் உட்புறம் இரைச்சலையும் சூட்டையும் தடுக்கத் தார் கலந்த அட்டை ஒட்டியிருக்கும். கார்புரேட்டருக்கு நேர் பின்னால் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அந்த அட்டை சாம்பலாகி உதிர்ந்திருந்தது. அதற்குக் கீழே உருகிய தார் சொட்டுச் சொட்டாக வழிந்து கால்மிதி வரை வந்திருந்தது. வயரிங் கட்டு ஃபயர்வாலைத் துளைத்து உள்ளே வரும் ஓட்டையில் ரப்பர் வளையம் எரிந்துபோயிருந்தது. நெருப்பு அந்த ஓட்டை வழியாகவும், தகட்டின் சூடு வழியாகவும் உள்ளே வந்து, டேஷ்போர்டுக்குப் பின்னால் யாரும் பார்க்காமல் எரிந்து அடங்கியிருக்கிறது. மேலே நான் அலையலையாகத் தூக்கியதாகக் கண்ட விளிம்பு இதன் அடையாளம்தான். புகைச் சூடு என்று எண்ணிவிட்டேன்.

கம்பித் தூரிகையால் கரியைத் தேய்த்துவிட்டுப் பார்த்தபோது, தகட்டின் நடுப்பகுதி சாம்பல் நிறச் செதிலாக உரிந்தது. விளிம்பு நோக்கிப் போகப் போக நீலமும் வைக்கோல் நிறமும் தெரிந்தன. சாதாரண எஃகு 600 டிகிரியை எட்டும்போது அதன் வலுவில் பாதிக்கு மேல் இழந்துவிடுகிறது. ஆறினால் வலுவின் பெரும் பங்கு திரும்பிவிடும் என்பது உண்மையே. திரும்பாதது வடிவம். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தகடு, சுற்றிலும் வெல்டிங்கால் பிடிக்கப்பட்டிருக்கையில், நடுவில் மட்டும் சூடேறினால் விரிய இடமின்றிப் புடைக்கும். ஆறும்போது பழைய அளவுக்குத் திரும்பாமல் தளர்ந்து நிற்கும்.

தளர்ச்சியைக் கண்ணால் அளவிட முடியாது. எங்கள் பையனை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொல்லி, “தம்பி, பிரேக்க நல்லா அழுத்தி விடு, மறுபடி அழுத்து” என்றேன். பிரேக் மாஸ்டர் சிலிண்டர் அந்த ஃபயர்வாலில்தான் போல்ட் போட்டு நிற்கிறது. நான் என்ஜின் பக்கமிருந்து தகட்டின் மேல் விரலை வைத்திருந்தேன். அவன் அழுத்தும்போதெல்லாம் தகரத்தாலான எண்ணெய் டின்னின் அடியை அமுக்குவதுபோலத் தகடு ‘டொக்’ என்று என் விரலைத் தள்ளிக்கொண்டு வந்து, விட்டதும் ‘டொக்’ என்று உள்ளே போயிற்று. மிதிப்பதில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போகாமல் தகட்டிலேயே செலவாகிறது. இப்படி ஆயிரம் முறை வளைந்தால் ஸ்பாட் வெல்டிங்கின் ஓரத்தில் விரிசல் விடும். முன் சக்கரங்களைத் தாங்கும் ஸ்ட்ரட்டுகளின் மேல் பிடிப்புகளிலிருந்து ஃபயர்வாலின் எதிர் மூலைகளுக்கு இழுத்த, சமமாக இருக்க வேண்டிய இரண்டு மூலைவிட்ட அளவுகளும் 6 மில்லிமீட்டர் வேறுபட்டன. மாருதி 800க்கு அடியில் தாங்கும் தனிச் சட்டகம் (சேஸிஸ்) கிடையாது, உடம்பே சட்டகம். எனவே அது பெயின்ட் வேலையோ, தகட்டைத் தட்டி நிமிர்த்தும் டிங்கர் வேலையோ அல்ல. அந்த வண்டியின் முதுகெலும்பு வேலை.

துரு இன்னொரு பக்கம் வேலையைத் தொடங்கியிருந்தது. வயர்களின் பி.வி.சி. உறை எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு புகை வெளிப்பட்டு, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிறது. பவுடர் தீயணைப்பானில் பெரும்பாலும் இருக்கும் அம்மோனியம் பாஸ்பேட்டும் ஈரம் பட்டால் உலோகத்தை அரிக்கும். தீ அணைந்த ஓரிரு நாளுக்குள் நல்ல தண்ணீரால் கழுவி உலர்த்தியிருக்க வேண்டும். இங்கே பதினோரு நாள் யாரும் கழுவவில்லை. கோடை மழைதான் அதைக் கரைத்து, மூடிய பெட்டிப் பகுதிகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. அப்படி ஒரு பெட்டியான பக்கவாட்டுச் சட்டகத்தின் வடிகால் ஓட்டையில் ஒரு துணித் திரியை விட்டு எடுத்தேன். பச்சை கலந்த செம்மண் நிறச் சேறு ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பெட்டிக்குள் தூரிகையும் போகாது, பெயின்ட் தெளிப்பானும் போகாது.

ஃபயர்வாலை மாற்றலாமா?

உரிமையாளர் கேட்ட இந்தக் கேள்வி நியாயமானது. உடைத்த இன்னொரு 800இன் முன்பாதியை அப்படியே வாங்கிவந்து வெட்டி ஒட்டும் டிங்கர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலரின் வேலைச் சுத்தத்தை நானே வியந்திருக்கிறேன். அதற்கு 28,000 ரூபாய் கேட்டார்கள். டேஷ்போர்டு, சீட் உறை, கூரைத் துணி ஆகியவற்றுக்கு இன்னும் 12,000. மொத்தம் 1,03,400 ரூபாய் ஆயிற்று.

தடையாக நின்றது பணம் மட்டும் அல்ல. இந்த வண்டியை அடையாளம் காட்டும் சேஸிஸ் எண் ஃபயர்வாலில் பொறிக்கப்பட்டிருக்கிறது. வேறொரு வண்டியின் ஃபயர்வாலை வைத்தால், ஆர்.சி. புத்தகத்தில் ஓர் எண்ணும் வண்டியில் இன்னோர் எண்ணும் இருக்கும். பழைய எண்ணுள்ள துண்டை வெட்டிப் புதிய தகட்டில் பற்றவைப்பதும், புதிய தகட்டில் எண்ணை நாமே பொறிப்பதும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் செய்தால், திருட்டு வண்டிக்காரர்கள் செய்யும் வேலைக்கும் அதற்கும் பார்க்கிறவர் கண்ணில் வேறுபாடு இராது. எழுபது வயதை நெருங்கும் ஓர் ஆசிரியரைச் சோதனைச் சாவடிதோறும் அதற்கு விளக்கம் சொல்லும் நிலையில் நிறுத்த எனக்கு மனம் ஒப்பவில்லை.

காலமும் நெருக்கியது. 1998 செப்டம்பரில் பதிவான தனியார் கார் முதல் 15 ஆண்டுக்குப் பின் ஐந்தைந்து ஆண்டாகப் பதிவைப் புதுப்பித்து, 2023 செப்டம்பரில் மீண்டும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகியிருந்தது. பசுமை வரி தனி. கட்டணத்தைவிடப் பெரிய செய்தி, மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியை நேரில் பார்த்துச் சேஸிஸ் எண்ணைச் சரிபார்ப்பார் என்பது. அதாவது, ஒரு லட்சம் செலவழித்து மூன்றே மாதத்தில், இந்த வெட்டு ஒட்டைத்தான் அவர் முன் கொண்டுபோய் நிறுத்த வேண்டியிருந்திருக்கும்.

காப்பீடு இதில் உதவவில்லை. பல ஆண்டுகளாக அவர் மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே எடுத்து வந்தார். தன் வண்டிக்கு நேரும் தீ அதில் அடங்காது. அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஐந்து ஆண்டு கடந்த வண்டிக்குக் காப்பீட்டு மதிப்பு இருதரப்பும் பேசி வைத்துக்கொள்வது; 40,000 என்று வைத்து முழுக் காப்பீடு எடுத்திருந்தால்கூட, செப்பனிடும் செலவு அதில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் முழு இழப்பாகக் கொள்வது விதி. 30,000 ரூபாயிலேயே அந்தக் கோடு வந்துவிடும். என் முதல் மதிப்பீடே அதைப்போல் இரு மடங்கு. முழுக் காப்பீடு இருந்திருந்தால் காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் முதல் நாளே உடைப்புக்கு எழுதியிருப்பார். காப்பீடு இல்லாததால்தான் இந்தத் தேர்வே அவருக்குக் கிடைத்தது என்பது வேடிக்கை.

உடைக்கக் கொடுக்கும்படி சொன்னேன். உரிமையாளர் உடனே பதில் சொல்லவில்லை. பையனை மறுபடி பிரேக்கை அழுத்தச் சொல்லி, தானே பானெட்டுப் பக்கம் வந்து தகட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். இரண்டாவது ‘டொக்’குக்குக் கையை எடுத்துவிட்டார்.

ஒப்படைப்பு

உள்ளூர்க் காயலாங்கடையில் 16,000 ரூபாய் தருவதாகச் சொன்னார்கள், ஆர்.சி. புத்தகத்தையும் சேர்த்துக் கேட்டார்கள். சென்னைக்கு அருகிலிருந்த பதிவு பெற்ற வாகன அழிப்பு நிலையம் 13,000 சொன்னது. 3,000 குறைவு என்றாலும் இரண்டாவதையே எடுக்கச் சொன்னேன். வண்டி இல்லாத ஆர்.சி. புத்தகமும், முழுதாக நிற்கும் ஒரு சேஸிஸ் எண்ணும் வேறொரு திருட்டு 800க்குச் சட்டை மாட்டிவிடப் போதுமானவை. அப்படி நடந்தால் காவல்துறைக் கடிதம் பதிவில் பெயருள்ளவருக்குத்தான் வரும். வண்டி அழிந்துபோனாலோ, இனி ஒருபோதும் ஓட்ட முடியாத நிலைக்கு வந்தாலோ, பதினான்கு நாளுக்குள் அல்லது இயன்ற விரைவில் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. நான் அறிந்தவரை காயலாங்கடைக்குப் போன வண்டிகளில் அதைச் செய்தவர்கள் மிகச் சிலரே.

அழிப்பு நிலையம் வண்டியைப் பெற்றுக்கொண்டு ஒப்படைப்புச் சான்றும், உடைத்த பிறகு அழிப்புச் சான்றும் தருகிறது. ஒப்படைப்புச் சான்றைக் காட்டிப் புதிய வண்டி வாங்கினால் பதிவுக் கட்டணம் கிடையாது. தனியார் வண்டிக்கு 25 விழுக்காடு வரை வரிச் சலுகை தர மாநிலங்களுக்கு மத்திய விதி இடம் தருகிறது. அவருக்குப் புதிய கார் வாங்கும் எண்ணம் இல்லை. சான்றைப் பிறருக்கு மாற்றிக்கொடுக்கலாம் என்பதால் உறவினர் ஒருவருக்காக வைத்துக்கொண்டார். என்ஜினை மட்டும் கழற்றித் தனியே விற்கலாமா என்று கேட்டபோது, முழு வண்டியாகக் கொடுக்கும்போதுதான் அந்த விலை என்று நிலையத்தார் சொல்லிவிட்டதால், நல்ல என்ஜினும் உடன் போயிற்று. அதுதான் எனக்குச் சற்று உறுத்தல்.

வெட்டியெடுத்த சேஸிஸ் எண் துண்டை ஆறு மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று அழிப்பு நிலையங்களுக்கு விதி இருக்கிறது. வண்டியை ஏற்றும் முன் அந்த இடத்தைத் தூரிகையால் தேய்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டேன்; சுற்றிலும் தகடு செதிலாகியிருந்தும் எண்கள் தெளிவாகவே இருந்தன. அந்த வயரிங் கிட்டைப் புதுப்பேட்டைக் கடைக்காரர் 1,500 ரூபாய் கழித்துக்கொண்டு திரும்ப எடுத்துக்கொண்டார். டேஷ்போர்டைக் கழற்றாமல் முதல் மதிப்பீட்டை எழுதியவன் நான் என்பதால், அந்த 1,500ஐ என் கூலியில் குறைத்துக்கொண்டேன்.